மலையை விட்டு இறங்கிய பிறகு அம்மா மாறிவிட்டார்: வயதா, நோயா?

மேட்டுப்பாதை எழுதியது:

போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், திருமணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்றதும், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார். போன மழைக்காலத்திலிருந்து ஆளே வேறாகிவிட்டார். வயிற்றில் எரிச்சல், முதுகில் சூடு, கால் குடைச்சல் என்று நாளுக்கொன்று சொல்கிறார். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். அதிகாலை 3 மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார். பேத்தி மடியில் ஏறினால் இறக்கிவிடுகிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். கேட்டால், "எனக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை, என் மூளை போய்விட்டது" என்று அழுகிறார்.

பக்கத்துக் கிளினிக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் காலையில் தள்ளாடுகிறார். மாமாக்கள் எல்லாரும் "வயதானால் அப்படித்தான், விடு" என்கிறார்கள். என் மனைவிக்கு அதில் உடன்பாடு இல்லை, எனக்கும் இல்லை. இது மறதி நோயின் தொடக்கமா? யாரைப் பார்க்க வேண்டும்? அம்மாவின் பழைய சீட்டுகள் எல்லாம் கேரளத்தில் எழுதியவை. தேனிப் பக்கம் காட்டுவதா, இடுக்கிப் பக்கம் காட்டுவதா?

வண்டிப்பெரியாறு ஆசிரியர் எழுதியது:

தம்பி, மருத்துவம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லட்டும். தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்தவன் என்ற முறையில் நான் இன்னொன்றைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா இழந்தது வேலையை மட்டும் இல்லை. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் சுக்கு தட்டுவார்கள். காலை மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று நான்கு பேர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்தப் பாத்தியில் கொழுந்து எப்போது தேறும், எந்தச் சரிவில் கால் வழுக்கும், எந்த சூப்பர்வைசர் எடையில் கை வைப்பான் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கையில் இருந்திருக்கும். புதிதாக வரும் பெண்களுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்திருப்பார். போடியில் அந்த அறிவை யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே அவர் உங்கள் அம்மா, உங்கள் பிள்ளையின் பாட்டி. அவ்வளவுதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் கேட்டார்களே, பெம்பிளை ஒருமை என்ற அந்தப் போராட்டம், அதில் முன்வரிசையில் இருந்த பெண்களில் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். போடி, கம்பம், சங்கரன்கோவில் என்று ஆளுக்கொரு ஊரில், பிள்ளைகள் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறார்கள். பி.எஃப். பென்ஷன் என்று கைக்கு வருவது பலருக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒரு மாநில அரசையே பேச்சுவார்த்தைக்கு வரவைத்தவர்கள், கோயில் உண்டியலில் போடும் பத்து ரூபாயை மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இது மனத்தை என்ன செய்யும் என்று நாம் யோசிப்பதே இல்லை.

ஒரு கேள்வி. மழைக்காலத்திலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். மண் சரிந்து லயங்களை மூடிய பெட்டிமுடியில் அம்மாவுக்கு வேண்டியவர்கள் யாராவது இருந்தார்களா?

மேட்டுப்பாதை எழுதியது:

இருந்தார்கள் ஐயா. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்ணோடு போன 70 பேரில், அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள் உண்டு. சித்தி முறையாகும் ஒருவரின் குடும்பமும் உண்டு. அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. மழை வலுத்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிருக்காக என்று நாங்கள் நினைத்தோம்.

இரவுப்பணி எழுதியது:

நான் இடுக்கி மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் செவிலியர். மனநலப் பிரிவில் பல ஆண்டுகள். பீருமேட்டுத் தமிழ்ப் பெண். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு மட்டுமின்றி இதைப் படிக்கும் எல்லாருக்கும் தேவைப்படும்.

முதியவர் ஒருவர் மாறிப்போனால் மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது திடீர்க் குழப்பம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் உளறுகிறார், பகலில் தூங்கி இரவில் எழுந்து நடக்கிறார், ஒரு மணி நேரம் தெளிவு, மறு மணி நேரம் மயக்கம். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, ஏன், நாள்கணக்கான மலச்சிக்கல்கூடக் காரணமாக இருக்கும். இதற்கு மனநல மருத்துவரைத் தேடி அலைய வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். "வயதானால் அப்படித்தான்" என்று ஒரு வாரம் காத்திருந்த வீடுகளில் உயிர் போயிருக்கிறது. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

இரண்டாவது மறதி நோய். இது ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. பெரும்பாலும் நோயாளி அதை மறைப்பார், மழுப்புவார். குடும்பம்தான் முதலில் கவனிக்கும். பழகிய வழி தவறும், பணம் எண்ணுவது பிசகும், சொன்னதையே சொல்வார்.

மூன்றாவது மனச்சோர்வு. வாரங்களில், மாதங்களில் வருவது. இதிலும் மறதி இருக்கும். ஆனால் அவரே "என் மூளை போய்விட்டது" என்று வருந்திச் சொல்வார். கேள்வி கேட்டால் தவறாகப் பதில் சொல்வதைவிட "தெரியாது" என்று கைவிடுவார். பசி போகும், விடியலுக்கு முன் விழிப்பு வரும், ஆசையாகச் செய்ததில் ஆசை போகும். நம் ஊர் முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று வந்து உட்கார மாட்டார்கள். வயிறு, முதுகு, கால், எரிச்சல் என்றுதான் வருவார்கள். அந்த வலி பொய்யில்லை, நடிப்பும் இல்லை.

தம்பி எழுதியதைப் படித்தால் எனக்கு மூன்றாவதுதான் தோன்றுகிறது. என்றாலும் எழுத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்வாசலாகவும் இருக்கும். அதனால் இரத்தத்தில் சோடியம், தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்; நாட்டு மருந்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது எதையும் விடாதீர்கள். பாதிக் காரணம் அந்தப் பைக்குள்ளேயே கிடைத்த ஆட்கள் உண்டு.

தூக்க மாத்திரை பற்றி: முதியவர்களுக்கு அது நடையைத் தள்ளாட வைக்கும், விழவைக்கும், இடுப்பெலும்பை முறிக்கும், நினைவை மேலும் மங்கச் செய்யும். அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே போவது? தினமும் அம்மா இருக்கும் இடத்துக்கு எது பக்கமோ அங்கே. இது ஒரே வருகையில் முடியும் சிகிச்சை இல்லை. கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். மலைக்கு மேல் இருப்பவர்கள் தங்கள் குடும்ப ஆரோக்கிய மையத்தில் 'ஆஸ்வாசம்' என்று கேளுங்கள். மனச்சோர்வைக் கண்டறியக் கேரளம் தொடங்கிய திட்டம் அது. எங்கே போனாலும் மருத்துவரிடம் அம்மா தமிழிலேயே பேசட்டும். கடையில் பேசும் மலையாளம் மனக்கவலையைச் சொல்லப் போதாது.

கூடலூர் விவசாயி எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. என் அப்பத்தா தொண்ணூறு வயதுவரை இருந்தார், ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கவில்லை. இரண்டு வெள்ளாடு வாங்கிக் கட்டுங்கள், கொல்லையில் கீரைப் பாத்தி போட்டுக் கொடுங்கள், கோயிலுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை கொடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரைதான். எங்கள் தெருவில் ஓர் அம்மா நரம்பு மாத்திரைக்கு அடிமையாகி, கடைக்காரர் தராவிட்டால் வாசலில் உட்கார்ந்து அழுகிறார். துக்கம் வந்தால் அழ வேண்டும். சொந்தக்காரர்கள் மண்ணுக்குள் போனதற்கு மருந்தா இருக்கிறது?

இரவுப்பணி எழுதியது:

அண்ணன், உங்கள் தெரு அம்மா சாப்பிடுவது பெரும்பாலும் அல்பிரசோலம் வகை மாத்திரையாக இருக்கும். அதற்கு அடிமையாவது உண்மை. அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தவறு. மனச்சோர்வுக்குத் தரும் மருந்து வேறு இனம். அதில் போதை இல்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கமும் வருவதில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். பத்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கி எறிபவர்கள்தான் அதிகம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல் வரும். எனவே நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

உங்கள் ஆடும் கீரைப் பாத்தியும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வேலையை நாளும் நேரமும் குறித்துச் செய்யவைப்பது மனச்சோர்வுக்கு ஆய்வுகளில் தேறிய சிகிச்சையே. ஆனால் எழுந்து உட்காரவே வலுவில்லாதவரிடம் ஆட்டுக் கயிற்றைக் கொடுத்தால், அதையும் செய்ய முடியவில்லையே என்று இன்னும் குறுகிப்போவார். சிலருக்கு மருந்து முதலில் எழுப்பி உட்காரவைக்க வேண்டும், பிறகுதான் ஆடு.

நாடு முழுக்க 45 வயதைக் கடந்த 72,000 பேருக்கு மேல் சந்தித்து எடுத்த லாசி ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயர்கூடத் தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு மூலையில் கிடக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த ஒன்பது பேரை நினைத்துத்தான்.

கூடலூர் விவசாயி எழுதியது:

மாத்திரையில் இரண்டு இனம் உண்டு என்பது எனக்குப் புதிது. அந்த அம்மாவின் மகனிடம் சொல்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நாளில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காராத மகன் மாத்திரையை மட்டும் நேரத்துக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

கொழிஞ்சாம்பாறை மகள் எழுதியது:

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆண்கள் துக்கத்தைக் குடித்துத் தீர்க்கிறார்கள், அதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை.

எங்கள் சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பேர்போனது. அப்பாவுக்கு இளவயதிலிருந்தே பழக்கம். அம்மா இறந்த பிறகு அது மதுக்கடைச் சாராயமாக மாறியது. 71 வயதில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அடித்தார், என்னை அம்மா பெயர் சொல்லி அழைத்தார். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்று உறவினர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். நல்ல வேளை, இரவில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், "அப்பா குடிப்பாரா, கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்டார். குடி சட்டென்று நின்றதால் வந்த குழப்பம் அது. அன்றே சிகிச்சை தொடங்கினார்கள், பிழைத்தார்.

தயவுசெய்து, முதியவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது குடிப்பழக்கம் இருந்தால் கௌரவம் பார்க்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

இதை நூறு முறை சொல்லலாம். இன்னும் இரண்டு வரி சேர்க்கிறேன். தினமும் குடிக்கும் முதியவரை வீட்டில் பூட்டி வைத்து, "இனி ஒரு சொட்டும் கிடையாது" என்று நிறுத்தவைப்பது உயிருக்கே ஆபத்து. வலிப்பு வரலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். பி1 வைட்டமினும் கொடுக்க வேண்டும். வயது ஏறும்போது உடலில் நீரின் பங்கு குறைவதால், இளவயதில் தாங்கிய அதே அளவு இப்போது தாங்காது.

செங்கோட்டை மருமகள் எழுதியது:

எல்லாரும் முதியவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். பார்த்துக்கொள்கிறவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அத்தைக்கு மறதி நோய் என்று திருவனந்தபுரத்தில் உறுதிசெய்துவிட்டார்கள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். நாத்தனார் புனலூரில். மாலை ஐந்து மணி ஆனால் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் என் வீட்டுக்குப் போகிறேன்" என்று வாசலுக்கு நடப்பார். அது அவர் 40 ஆண்டு வாழ்ந்த வீடு. வளையலை எங்கேயாவது சுருட்டி வைத்துவிட்டு, நான் திருடிவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். நாத்தனார் மாதம் ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். அவரைக் கண்டதும் அத்தை அழகாகப் பேசுவார். "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார், நீதான் பெரிதுபடுத்துகிறாய்" என்று சொல்லிவிட்டு மதினி பஸ் ஏறிவிடுவார்.

நான் இரவு தொடர்ந்து தூங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. அத்தையை நான் வெறுக்கவில்லை. பிரசவத்தில் எனக்குப் பத்தியம் பார்த்த கை அது. ஆனால் சில இரவுகளில் கையை ஓங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

தங்கை, அந்தக் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி. பார்த்துக்கொள்கிறவர்களில் பலருக்கு அந்த எண்ணம் வரும், வெளியே சொல்ல வாய் வராது. அப்படித் தோன்றும் நொடியில் கதவுத் தாழ்ப்பாளை மட்டும் சரிபார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவுங்கள். அத்தை ஐந்து நிமிடம் கத்தினால் ஒன்றும் ஆகாது.

வளையல் விஷயம்: திருட்டுப் பழி மறதி நோயில் மிகவும் வழக்கமானது. வைத்த இடம் நினைவில் இல்லை. வைத்ததே நினைவில் இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை ஒரு விடையைக் கட்டிக்கொள்கிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் அந்தப் பழி விழும். "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாதீர்கள். "வளையல் காணவில்லையா அத்தை, வாருங்கள் தேடுவோம்" என்று சேர்ந்து தேடுங்கள். அவர் வழக்கமாகச் சுருட்டி வைக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். தங்கத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு அதே மாதிரிக் கவரிங் வளையல் போட்டு விட்டாலும் சரிதான்.

மாலைநேரத் தவிப்புக்கு: நாலரை மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். நிழல் அவர்களைப் பயமுறுத்தும். மதியத் தூக்கத்தைக் குறையுங்கள், ஐந்து மணிக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள், முருங்கைக்கீரை உருவுவது போல. வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், "இதுதானே உங்கள் வீடு" என்று மறுக்காமல், "சரி, காபி குடித்துவிட்டுப் போகலாம்" என்று சொல்லி, பிடித்த பலகாரம் பற்றியோ திருமணம் பற்றியோ பேச்செடுங்கள். வசைக்கும் நடமாட்டத்துக்கும் தூங்கவைக்கும் மருந்தை முதல் வழியாகக் கேட்காதீர்கள். அந்த வகை மருந்துகள் மறதி நோயாளிகளுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுபவை. ஆபத்து மிஞ்சும்போது மட்டும், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத்தான்.

நாத்தனாரிடம் விளக்கிப் பயனில்லை. ஒரு வாரம் நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போங்கள், அவர் வந்து இரவும் பகலும் பார்க்கட்டும். இதை உங்கள் கணவர்தான் அவரிடம் பேச வேண்டும். மறதி நோய்க் குடும்பங்களுக்காக 1992 முதல் இயங்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு கேரளத்தில்தான் தொடங்கியது, பார்த்துக்கொள்கிறவர்களுக்கான பயிற்சி பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

மேட்டுப்பாதை எழுதியது:

கானாவிலக்கு போய் வந்தோம். மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கேட்டதாக அம்மா சொன்னார். மனச்சோர்வு என்றுதான் சொன்னார்கள். இரத்தத்தில் சோடியமும் குறைவாக இருந்தது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டு வந்த மாத்திரை சோடியத்தைக் குறைக்கும் வகையாம், மாற்றிக் கொடுத்தார்கள். காதும் பாதி கேட்கவில்லை. பேத்தி பேசுவது புரியாததால்தான் அவளை விலக்கியிருக்கிறார்.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. திரும்பும் வழியில் பஸ்ஸில், "நான் மலையிலேயே போயிருக்க வேண்டும், பெட்டிமுடியில் அவர்களோடு" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

இரவுப்பணி எழுதியது:

எடுத்துக்கொள்ள வேண்டும் தம்பி. இன்றிரவே.

பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அம்மா, உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும். "அப்படியெல்லாம் பேசாதே, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். தோன்றுகிறது என்றோ, எப்படி என்று யோசித்ததாகவோ சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். இந்த வரியை அவர் சொன்னதை மருத்துவருக்கும் தெரிவியுங்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஏலத் தோட்டத் தொடர்பு உண்டு. பூச்சிமருந்துப் புட்டி திண்ணையிலோ குளியலறைப் பரணிலோ இருந்தால் இன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள். மாத்திரைகளும் உங்கள் கையில் இருக்கட்டும். இந்த எண்ணம் பலருக்கு ஒரு வேகத்தில் எழுந்து தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும்.

14416 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களும் அழைக்கலாம், செங்கோட்டைத் தங்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரசு உதவி எண்கள்: கேரளத்தில் இருப்பவர்களுக்கு 1056 (திசா), தமிழ்நாட்டில் 104. முதியோருக்கான பொது உதவிக்கு 14567.

காது விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். காது கேட்காமை மனிதரைத் தனிமைப்படுத்துவதோடு மறதி நோய்க்கான காரணிகளிலும் ஒன்று. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை அப்படி 14 காரணிகளைச் சொல்கிறது; காது, கண் பார்வை, மனச்சோர்வு, தனிமை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் வரும்.

வண்டிப்பெரியாறு ஆசிரியர் எழுதியது:

பெட்டிமுடியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள் தம்பி. பெயர் பெயராகச் சொல்லட்டும். அங்கே இறந்தவர்களைக் கூட்டமாக அடக்கம் செய்தார்கள், ஊரடங்குக் காலம் வேறு, கீழே இருந்த உறவுகள் பலரால் முகம் பார்க்கவும் முடியவில்லை. காரியம், கருமாதி எதுவும் முறையாக நடக்காத துக்கம் அது. அம்மா தேறிய பிறகு, அவரே விரும்பினால், ஒருமுறை அங்கே அழைத்துப் போய் வாருங்கள்.

போடியில் உங்கள் தெருவைச் சுற்றி மட்டும், தோட்டத்திலிருந்து இறங்கிய பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கண்டுபிடியுங்கள். ஞாயிறு மாலை ஒரு வீட்டு வாசலில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அவர்களுக்குப் பேச 40 ஆண்டு இருக்கிறது.

மேட்டுப்பாதை எழுதியது:

கேட்டேன். தோன்றுகிறது என்றார், ஆனால் எதையும் யோசித்து வைக்கவில்லை என்றார். நெடுநேரம் அழுதார். மறுநாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பூச்சிமருந்தைத் தம்பி தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டான். எங்கள் தெருவிலேயே அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் குண்டளைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர் என்று மனைவி கண்டுபிடித்திருக்கிறாள்.

கூடலூர் விவசாயி எழுதியது:

நல்ல செய்தி. ஆடு வேண்டுமானால் சொல்லுங்கள், குட்டியாகவே தருகிறேன்.

ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது, தனி இழை போடாமல் இங்கேயே கேட்கிறேன். என் பெரியப்பா குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலக்காடு வைத்திருந்தவர். இரண்டு ஏக்கரை மகன் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது மகன் கம்பத்தில், பெரியப்பா தனியாக மலையில். சாப்பாட்டுக்கே கஷ்டம், யாரோடும் பேசுவதும் இல்லை. வழக்குக் கேரளத்திலா, தமிழ்நாட்டிலா?

தாலுகா எழுத்தர் எழுதியது:

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பதில் சொல்கிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 மத்தியச் சட்டம், இரண்டு மாநிலங்களிலும் செல்லும். மனுவை முதியவர் வசிக்கும் இடத்திலோ, கடைசியாக வசித்த இடத்திலோ, பிள்ளை வசிக்கும் இடத்திலோ போடலாம். ஆகவே பெரியப்பா மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. அங்கே கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். அவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவர் கொடுக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்ச வரம்பு 10,000 ரூபாய்.

செட்டில்மென்டை ரத்து செய்ய 23ஆம் பிரிவு. அதற்கு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாறியிருக்க வேண்டும். பத்திரத்தை எடுத்து அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனி எழுதப்போகிறவர்கள் அந்த ஒரு வரியை எழுதாமல் கையெழுத்துப் போடவே கூடாது. என் மேசைக்கு வந்த முதியவர்களில் பலர் அந்த ஒரு வரி இல்லாமல் திரும்பிப் போனவர்கள்.

ஆனால் மனு போடும் முன் ஒருமுறை மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தீர்ப்பாயம்கூட முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். பணம் வாங்கிக் கொடுக்க உத்தரவு போட முடியும், பேச வை என்று எந்த உத்தரவும் போட முடியாது.

இரவுப்பணி எழுதியது:

அண்ணன், பெரியப்பா யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை என்றால் வழக்குக்கு முன் அவரை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய வார்டு ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள்; ஊராட்சி உறுப்பினர் மூலம் கேட்டால் பெயர் கிடைக்கும். அவர் படுக்கையில் விழுந்திருந்தால் ஊராட்சியின் சாந்துவனப் பராமரிப்புக் குழு (நோய்த் துயர் தணிப்புக் குழு) வீட்டுக்கே வரும். நடமாடுகிறார் என்றால் குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு ஒருவர் உடன் போனால் போதும்.

கூடலூர் விவசாயி எழுதியது:

வெள்ளிக்கிழமை ஜீப்பில் போகிறேன் சகோதரி. பத்திரத்தின் நகலும் எடுத்து வருகிறேன்.

செங்கோட்டை மருமகள் எழுதியது:

மதினி வருகிறார், வரும் திங்கள் முதல் ஒரு வாரம். கணவர் பேசிவிட்டார். அத்தையின் மாத்திரை நேரம், விளக்கு போடும் நேரம், வளையல் வைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அக்கா, ஊர் மாறிப் போகும்போது மருந்துச் சீட்டு பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா? திருவனந்தபுரத்தில் எழுதிய மாத்திரை செங்கோட்டையில் சில நேரம் கிடைப்பதில்லை.

இரவுப்பணி எழுதியது:

கடையில் கம்பெனிப் பெயரைக் கேட்காமல் சீட்டில் உள்ள மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் காட்டுங்கள்; வேறு கம்பெனி மாத்திரையாக இருந்தாலும் அதே மருந்து கிடைக்கும். சீட்டு மங்கலாக இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி, கைப்பேசியில் படம் எடுத்து மதினிக்கும் அனுப்பி வையுங்கள். பத்து நாளைக்கு மேல் இருப்பு இருக்கும்போதே வாங்குங்கள். திங்கட்கிழமை மதினி வந்ததும் அத்தையை விட்டு உடனே கிளம்பாதீர்கள். ஒரு மாலையும் இரவும் இருவருமாகச் சேர்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை போங்கள்.